தூரம் ஒன்றுதான்... நேரம் யார் கையில்?

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. இரண்டுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். 2022 பிப்ரவரி வரை ஃபின்ஏர் விமானங்கள் இந்தத் தூரத்தை ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரத்தில் கடந்துகொண்டிருந்தன. அடுத்த மாதமும் அதே நிறுவனம்தான், அதே ஏர்பஸ் ஏ350 ரக விமானம்தான், அதே இரண்டு ஊர்கள்தான். பயண நேரம் மட்டும் 13 மணி ஆகிவிட்டது. நடுவில் இருந்த ஒரு நாடு தன் வானத்தைப் பூட்டிவிட்டது.

இரண்டு நகரங்களின் பெயரைக் கைபேசியில் தட்டினால், இடையில் இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று உடனே பதில் வந்துவிடுகிறது. முதல் எண் பூமியின் கணக்கு, அது மாறாது. இரண்டாவது எண்ணில் காற்று இருக்கிறது, எரிபொருள் இருக்கிறது, இயந்திரத்தின் நம்பகம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே இருக்கும் நாடுகளின் சம்மதம் இருக்கிறது. கடந்த எழுபது ஆண்டுகளில் ஹெல்சின்கி - டோக்கியோ அளவுக்கு இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டிய நகர ஜோடி வேறு இருக்க முடியாது.

பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது கஜகஸ்தான், மங்கோலியா, சீனா என்று தெற்குப் பக்கமாகச் சரிந்து போகும். அதே இரண்டு ஊர்களை ஓர் உலக உருண்டையில் நூலால் இணைத்து இழுத்துப் பிடித்தால், நூல் வடக்கே ஏறும். ரஷ்யாவின் வட விளிம்பில் ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டு, சைபீரியாவைக் குறுக்காகக் கடந்து, ஜப்பான் கடல் பக்கம் இறங்கும். பூமி உருண்டை, அதைத் தட்டையாக விரித்தால் துருவப் பகுதிகள் அநியாயத்துக்கு அகன்றுவிடும். நூல் காட்டும் வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். மாலுமிகளுக்குப் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த கணக்கு இது. விமானிகளும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஆக, ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் ஒரு சிறிய நாட்டிலிருந்து கிழக்காசியாவுக்கு மிகக் குறுகிய வழி சைபீரியா மேலே போகிறது. அந்த வழியின் பெரும்பகுதியில் ஒரே ஒரு நாடுதான் குறுக்கே நிற்கிறது. ஆனால், அது உலகிலேயே பெரிய நாடு.

வானத்துக்கு உரிமையாளர் யார்?

1944 டிசம்பரில், இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, அமெரிக்காவின் சிகாகோ நகரில் 50-க்கும் மேற்பட்ட நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனிப்பட்ட இறையாண்மை உண்டு என்பதுதான் அதன் முதல் பிரிவு. இன்றுவரை பயணிகள் விமானப் போக்குவரத்துக்கு அடிப்படைச் சட்டம் அதுவே. தரையிறங்காமல் மேலே பறந்து போகவும், எரிபொருள் நிரப்ப மட்டும் இறங்கவும் ஒருவருக்கொருவர் அனுமதிப்போம் என்று கூடவே ஒரு துணை ஒப்பந்தமும் உருவானது. சோவியத் ஒன்றியம் அதில் சேரவில்லை. இன்றைய ரஷ்யாவும் அதில் இல்லை.

போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போனவர்களின் பாடு திண்டாட்டமானது. மேற்காசியா, இந்தியா, பாங்காக், ஹாங்காங் என்று இறங்கி ஏறி, ஐம்பது மணி நேரத்துக்கும் மேலாக இருக்கையில் உட்கார்ந்து போக வேண்டும். இந்தச் சுமையைக் குறைத்தது ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம். 1957 பிப்ரவரி 24 அன்று கோபன்ஹேகனிலிருந்து வட துருவம் வழியாக, அலாஸ்காவின் ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பி, டோக்கியோவுக்கு அதன் டிசி-7சி விமானம் கிளம்பியது. பயண நேரம் சுமார் 32 மணி. சோவியத் மண்ணை மிதிக்காமலேயே இருபது மணி நேரம் மிச்சம்.

அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு ஆங்கரேஜ்தான் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவிலிருந்த சத்திரம். நள்ளிரவோ நண்பகலோ, விமானங்கள் வரிசையாக வந்து இறங்கும். எரிபொருள் நிரப்பும் ஒரு மணி நேரத்துக்குப் பயணிகள் காத்திருப்புக் கூடத்தில் அடைக்கலமாவார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பதப்படுத்தப்பட்ட துருவக்கரடி ஒன்று நிமிர்ந்து நிற்கும். பக்கத்துக் கடையில் சுடச்சுட உதோன் நூடுல்ஸ் கிடைக்கும். ஐரோப்பாவில் பல வாரங்களைக் கழித்துவிட்டு ஊர் திரும்பும் ஜப்பானியருக்கு, சொந்த மண்ணுக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கும்போதே கிடைத்த வீட்டுச் சாப்பாடு அது. அந்தத் தலைமுறை ஜப்பானியர்கள் இன்றும் ஆங்கரேஜ் என்றால் அந்த உதோனைத்தான் நினைக்கிறார்கள்.

துருவ வழி எளிதானதல்ல. அங்கே காந்த ஊசியை நம்ப முடியாது. காந்தத் துருவம் வேறு இடத்தில் இருப்பதால் திசை தாறுமாறாகக் காட்டும். 1978 ஏப்ரலில் பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாக சியோல் போக வேண்டிய கொரிய விமானம் ஒன்று, இந்தத் திசைக் கணக்கில் தவறி, மெல்ல மெல்ல வளைந்து, சோவியத் நாட்டின் மூர்மான்ஸ்க் பக்கம் போய்விட்டது. போர் விமானம் சுட்டதில் இரண்டு பயணிகள் இறந்தார்கள். உறைந்த ஏரி ஒன்றின் மேல் விமானத்தை இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார் விமானி.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1983 செப்டம்பர் 1 அன்று, இன்னொரு கொரிய விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குக் கிளம்பிய கே.ஏ.எல். 007, பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் போக, சகாலின் தீவு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இதன் பிறகுதான், அமெரிக்க ராணுவத்துக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். வசதி, தயாரானதும் உலகத்தின் பயணிகள் விமானங்களுக்கும் இலவசமாகத் தரப்படும் என்று அதிபர் ரேகன் அரசு அறிவித்தது. இன்று ஆட்டோ பிடிக்கவும் சாப்பாடு வரவழைக்கவும் நாம் பயன்படுத்தும் அந்தத் தொழில்நுட்பத்துக்குப் பின்னால் 269 உயிர்கள் இருக்கின்றன.

அதே 1983-ல், இந்தத் துயரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, ஃபின்ஏர் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. ஆங்கரேஜில் இறங்காமலேயே டோக்கியோ போவது என்று முடிவெடுத்தது. நீண்ட தூரம் பறக்கும்படி கூடுதல் எரிபொருள் கொள்ளும் டிசி-10 விமானத்தை ஹெல்சின்கியில் கிளப்பி, வட துருவத்தைக் கடந்து, ரஷ்யாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடையிலுள்ள பேரிங் நீரிணை வழியே பசிபிக் பக்கம் இறங்கி, டோக்கியோவில் கொண்டு நிறுத்தியது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு நடுவில் நிற்காமல் போன முதல் விமான சேவை அதுதான். ஆன நேரம், சுமார் 13 மணி.

இந்த 13 மணியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சைபீரியா திறந்த காலம்

சோவியத் வானம் ஒரேயடியாகத் திறக்கவில்லை. 1967-ல் ஏரோஃப்ளோட்டும் ஜப்பான் ஏர்லைன்ஸும் கூட்டாக மாஸ்கோ - டோக்கியோ சேவையைத் தொடங்கின. மாஸ்கோவில் இறங்கிப் போகும் விமானங்களுக்கு மெல்ல மெல்ல அனுமதி கிடைத்தது. சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டுகளில் நிற்காமல் மேலே பறக்கவும் வழி பிறந்தது. சும்மா இல்லை, மேலே பறப்பதற்கு ஐரோப்பிய நிறுவனங்கள் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஏரோஃப்ளோட்டுக்குப் போனது. அப்படியும் எல்லோரும் கட்டினார்கள். மூன்று, நான்கு மணி நேர எரிபொருளோடு ஒப்பிட்டால் அது லாபம்தான்.

ஆங்கரேஜில் பயணிகள் கூட்டம் வடிந்தது. பயணிகளின் சத்திரமாக இருந்த ஊர், சரக்கு விமானங்களின் நிலையமாகத் தன்னை மாற்றிக்கொண்டது. மறுபக்கம் ஹெல்சின்கி மலர்ந்தது. லண்டன், பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட்டோடு ஒப்பிட்டால் கிழக்காசியாவுக்கு மிக அருகில் இருந்த பெரிய விமான நிலையங்களில் ஹெல்சின்கி முன்வரிசை. அங்கிருந்து டோக்கியோ போய்த் திரும்ப 24 மணி நேரம் போதுமாக இருந்தது. ஒரே விமானத்தைத் தினமும் அதே நேரத்துக்குக் கிளப்ப முடிந்தது. இன்னொரு விமானம் வாங்கத் தேவைப்படவில்லை. 55 லட்சம் மக்கள் மட்டுமே உள்ள நாட்டின் நிறுவனம், ஜப்பான், சீனா, கொரியா என்று கிழக்காசியப் பயணிகளை ஐரோப்பா முழுமைக்கும் பிரித்து அனுப்பும் சந்தியாகத் தன்னை வளர்த்துக்கொண்டது. அந்த வளர்ச்சி முழுவதும் ஒரே அஸ்திவாரத்தில் நின்றது: சைபீரிய வானம் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின. பதிலுக்கு பிப்ரவரி 28 அன்று ரஷ்யா, 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வானத்தை மூடியது. நான்கே நாள்களில் ஃபின்ஏரின் அஸ்திவாரம் சரிந்தது.

கைகட்டி நிற்க நேரமில்லை. அந்த நிறுவனத்தின் திட்டமிடுவோர் பழைய கோப்புகளைத் தூசி தட்டினார்கள். மார்ச் 9 அன்று டோக்கியோ நரிட்டாவுக்குச் சேவை மீண்டும் தொடங்கியது. டோக்கியோவிலிருந்து கிளம்பும் விமானம் வடகிழக்கே பசிபிக்கில் ஏறி, பேரிங் நீரிணையைக் கடந்து, வட துருவம், ஸ்வால்பார்ட் தீவுகள், நார்வே என்று வந்து ஹெல்சின்கியில் இறங்கியது. 1983-ன் அதே வழி. அதே 13 மணி. இடையிலுள்ள 39 ஆண்டுகளில் விமானத் தொழில்நுட்பம் எத்தனையோ மாறியிருந்தது; பயணிக்கு அதில் ஒரு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. துருவத்தைக் கடந்தவர்களுக்குச் சான்றிதழ் ஒன்றைக் கொடுத்து ஆறுதல் சொன்னது ஃபின்ஏர்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டோக்கியோவிலிருந்து பேரிங் நீரிணை சுமார் 4,700 கி.மீ. அங்கிருந்து துருவம் 2,700. துருவத்திலிருந்து ஹெல்சின்கி 3,300. ஆக மொத்தம், வளைவு நெளிவுகளைச் சேர்க்காமலே 10,700. நேர்வழியைவிட 2,900 கி.மீ. அதிகம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் தூரம் இது. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சென்னை - சிங்கப்பூர் கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. அதற்கான எரிபொருள், அதைச் சுமக்க இன்னும் கொஞ்சம் எரிபொருள், கூடுதல் விமானி. எல்லாம் டிக்கெட்டில் வந்து விழுகிறது. காற்றும் சூழலும் பார்த்து சில நாள்களில் மத்திய ஆசியா வழியாகத் தெற்குப் பாதையிலும் பறக்கிறார்கள். அதுவும் சுற்றுதான்.

துருவத்துக்கு மேலே பறப்பதில் பயணிக்குத் தெரியாத கவலைகள் பல. ஜெட் ஏ-1 எனப்படும் விமான எரிபொருள் மைனஸ் 47 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். துருவ வானில் வெளிக்காற்று மைனஸ் 60-க்கும் கீழே போவது உண்டு. இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் கண்கொட்டாமல் கவனிக்கிறார்கள். குளிர் அதிகமானால் உயரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். காற்று உரசி இறக்கை சற்றே சூடாகும். பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நிற்கும் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் துருவத்திலிருந்து அடிவானத்துக்குக் கீழே போய்விடுகின்றன. அந்த நேரத்தில் பழைய சிற்றலை வானொலிதான் துணை.

இரண்டு இன்ஜின் விமானத்தில் ஓர் இன்ஜின் நின்றுபோனால் என்ன செய்வது? மீதமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை நிமிடத்தில் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட முடியும் என்பதற்கு ஒவ்வொரு விமானத்துக்கும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே வரம்பு விதிக்கப்படுகிறது. ஒரு காலத்தில் அது 60 நிமிடம்தான். அதனால்தான் 1983-ல் ஃபின்ஏருக்கு மூன்று இன்ஜின் கொண்ட டிசி-10 தேவைப்பட்டது. இன்றைய ஏ350 ரகத்துக்கு ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு 370 நிமிடம் வரை அனுமதிக்கிறது. இத்தகைய நீண்ட வரம்புதான் 2022-ல் ஃபின்ஏரைக் காப்பாற்றியது.

எல்லோருக்கும் மூடப்படாத கதவு

ரஷ்ய வானம் எல்லோருக்கும் மூடப்படவில்லை. சீன நிறுவனங்கள் இன்றும் சைபீரியா மேலேதான் ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. லண்டன் - பெய்ஜிங் தடத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தெற்கே சுற்றிப் போக, ஏர் சைனா நேரே போனது. நேரத்திலும் செலவிலும் போட்டி போட முடியாமல் 2024 அக்டோபரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அந்தத் தடத்தையே நிறுத்தி வைத்தது. விர்ஜின் அட்லாண்டிக் தன் லண்டன் - ஷாங்காய் சேவையை முடித்துக்கொண்டது. இரண்டு நகரங்களுக்கு இடையிலான பயண நேரம், பயணி எந்த நாட்டு விமானத்தில் ஏறுகிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்ற விசித்திரம் இப்படித்தான் உண்டானது.

இந்திய விமானங்களுக்கும் ரஷ்யாவின் அனுமதி உண்டு. அதில் ஓர் ஆபத்தும் இருப்பதை 2023 ஜூன் 6 அன்று உலகம் பார்த்தது. டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ கிளம்பிய ஏர் இந்தியா போயிங் 777 விமானத்தின் ஓர் இன்ஜினில் கோளாறு. 216 பயணிகள், 16 ஊழியர்களோடு ரஷ்யாவின் தூரக்கிழக்கில் உள்ள மகதான் என்ற நகரில் இறங்க வேண்டியதாயிற்று. மாற்று விமானம் மும்பையிலிருந்து வந்து ஏற்றிப் போகும்வரை ஒரு நாளுக்கும் மேலாக அவர்கள் அங்கேயே தங்கினார்கள். பள்ளிக்கூடத் தரையில் மெத்தை விரித்துப் படுத்தவர்களின் படங்கள் அன்று செய்திகளில் வந்தன. குறுக்குவழியில் போகும்போது, வழியில் இறங்க நேர்ந்தால் எங்கே இறங்குவோம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

காற்று சொல்லும் கணக்கு

அரசுகளின் சம்மதம் கிடைத்த பிறகும் காற்றின் சம்மதம் வேண்டும். டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்கும் இடையே சுமார் 8,800 கி.மீ. ஜப்பானிலிருந்து அமெரிக்கா போக சுமார் 10 மணி நேரம் ஆகிறது. திரும்பி வர பதினொன்றரை மணிக்கும் மேலாகிறது. காரணம், ஒன்பது பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம். உலகிலேயே அது மிக வேகமாக ஓடும் இடங்களில் ஒன்று ஜப்பானின் தலைக்கு மேல் இருக்கிறது.

அதை முதலில் அளந்தவரும் ஒரு ஜப்பானியர்தான். வசாபுரோ ஓயிஷி. டோக்கியோவுக்கு வடகிழக்கே ததேனோ என்ற இடத்தில் மேல்காற்று ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்தவர். 1920-களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பலூன்களைப் பறக்கவிட்டு, தொலைநோக்கி வழியே அவை போகும் திசையையும் வேகத்தையும் குறித்துக்கொண்டே இருந்தார். 1924 டிசம்பரில் ஒரு நாள், ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்கு 72 மீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்தார். மணிக்கு சுமார் 260 கி.மீ. அப்படியொரு காற்று இருப்பது அன்று யாருக்கும் தெரியாது. உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்ற ஆசையில், தன் ஆய்வறிக்கையை 1926-ல் எஸ்பெராண்டோ என்ற உருவாக்கப்பட்ட பொதுமொழியில் வெளியிட்டார். எஸ்பெராண்டோ படிக்கத் தெரிந்த வானிலை அறிஞர்கள் மிகச் சிலரே. அந்த அறிக்கை கண்டுகொள்ளப்படாமலே போனது.

விளைவு போரில் தெரிந்தது. 1944 நவம்பர் 24 அன்று டோக்கியோ மீது முதல் பெரும் தாக்குதல் நடத்த வந்த அமெரிக்க பி-29 விமானங்கள், மணிக்கு 200 கி.மீ.க்கும் அதிகமான காற்றில் சிக்கித் தடுமாறின. வீசிய குண்டுகளில் பெரும்பாலானவை இலக்கைத் தொடவில்லை. ஜப்பானியரோ அதே காற்றை ஆயுதமாக்கினார்கள். கையால் செய்த காகிதத்தில் பலூன்கள் தயாரித்து, குண்டுகளைக் கட்டி, சுமார் 9,300 பலூன்களை அமெரிக்காவை நோக்கிப் பறக்கவிட்டார்கள். மூன்று நாள்களில் பசிபிக்கைக் கடந்துவிடும் என்பது கணக்கு. 1945 மே மாதம் ஓரிகன் மாநிலக் காட்டில் கிடந்த அப்படியொரு பலூன் வெடித்து ஒரு கர்ப்பிணியும் ஐந்து குழந்தைகளும் இறந்தார்கள்.

போர் முடிந்து, 1952 நவம்பரில் அந்தக் காற்று பயணிகளுக்கு உதவ வந்தது. டோக்கியோவிலிருந்து ஹொனலூலு போன பான் ஆம் விமானம் ஒன்று, வேண்டுமென்றே ஜெட் காற்றோட்டத்துக்குள் ஏறி, 18 மணி நேரப் பயணத்தைப் பதினொன்றரை மணி நேரத்தில் முடித்தது. இன்று ஒவ்வொரு நீண்ட தூர விமானமும் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்புதான் அன்றைய பாதை முடிவாகிறது. நியூயார்க் - சிங்கப்பூர் சேவை அதற்கு நல்ல உதாரணம். நேர்தூரமே 15,300 கி.மீ.க்கு மேல்; பதினெட்டரை மணி நேரத்துக்கும் அதிகமான பயணம். நடுவில் நிற்காமல் பறப்பவற்றில் உலகின் மிக நீண்ட பயணிகள் விமான சேவை. பூமியின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு நகரங்களும் இருப்பதால், ஒரு நாள் அட்லாண்டிக் பக்கமாகவும் இன்னொரு நாள் பசிபிக் பக்கமாகவும் போக முடிகிறது. தூரம் கூடினாலும் பின்காற்று கிடைத்தால் நேரம் மிச்சம்.

குறுகிய தூரங்களில் கணக்கே வேறு. சென்னையிலிருந்து பெங்களூரு வான்வழியில் 270 கி.மீ.தான். காற்றில் இருக்கும் நேரம் 40 நிமிடத்தைச் சுற்றி. டிக்கெட்டில் ஒரு மணிக்கும் மேல் போட்டிருக்கும். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியதிலிருந்து மறு ஊரில் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு வரிசையில் நிற்பதும், இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பதும் அதற்குள் அடக்கம். இரண்டு மணி நேரம் முன்னதாக வருவதையும், பெங்களூரு விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் 35 கிலோமீட்டரையும் சேர்த்தால், வந்தே பாரத் ரயிலின் நாலரை மணி நேரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இந்தத் தடத்தில் ரயிலே மேல்.

பக்கத்து வீட்டு வானம்

இந்தியாவுக்கும் தன் சைபீரியா உண்டு. 2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. ஜூலை 16 அன்று திறக்கும்வரை டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்றின. ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. பஹல்காம் படுகொலைக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் மீண்டும் கதவை அடைத்தது. இந்தியாவும் அதே மாதக் கடைசியில் பதிலுக்கு அடைத்தது. அதன் பிறகு இரு தரப்பும் மாதாமாதம் தடையை நீட்டித்துக்கொண்டே வந்தன.

இதில் கவனிக்க வேண்டிய ஜோடி டெல்லி - தாஷ்கண்ட். இடையே 1,600 கி.மீ.கூட இல்லை; டெல்லி - சென்னையைவிடக் குறைவு. தடை வந்த சில நாள்களில் இண்டிகோ தன் தாஷ்கண்ட், அல்மாட்டி சேவைகளை நிறுத்தியது. சுற்றிப் போவதற்கு அதன் சிறிய விமானங்களின் எரிபொருள் போதாது. உஸ்பெகிஸ்தான் ஏர்வேஸுக்கோ தடை இல்லை. அது எப்போதும்போல் பாகிஸ்தான் மேலே பறந்தது. நீண்ட தூரப் பயணங்களும் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி - வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் இந்தத் தடையும் ஒன்று.

கதவுகள் திறந்த கதையும் உண்டு. இஸ்ரேல் போகும் விமானங்களுக்கு எழுபது ஆண்டுகளாக வழி மறுத்து வந்த சவூதி அரேபியா, 2018 மார்ச் 22 அன்று ஏர் இந்தியாவின் டெல்லி - டெல் அவிவ் விமானத்துக்கு அனுமதி தந்தது. ஒரே கையெழுத்தில் இரண்டு மணி நேரம் குறைந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த விஷயம் புரிய சைபீரியா வரைகூடப் போக வேண்டாம். சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழித் தூரம் சுமார் 420 கி.மீ. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கு சுமார் 355 கி.மீ. மதுரையைவிட யாழ்ப்பாணம் சென்னைக்குப் பக்கம். ஆனால், 1970-களின் இறுதியில் நின்றுபோன இந்தியா - பலாலி விமான சேவை, இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்து பத்து ஆண்டுகள் ஆன பிறகே திரும்பியது. அதுவரை சென்னையிலிருந்து விமானத்தில் யாழ்ப்பாணம் போக நினைத்தவர்கள் 650 கி.மீ. பறந்து கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 400 கி.மீ. வடக்கே ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்பி வர வேண்டும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலை மூடப்பட்டபோது அதுவும் இல்லை. மகளின் பிரசவத்துக்கும் அண்ணனின் சாவுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாத குடும்பங்கள் கடலின் இரு பக்கமும் இருக்கின்றன.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. நான்கே மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று சேவை மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்து இண்டிகோவின் இன்னொரு சேவையும் சேர்ந்துகொண்டன. ஒரு நாள் முழுக்க விழுங்கிய பயணம் இப்போது சுமார் ஒன்றேகால் மணி நேரம்.

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 185 கி.மீ.தான், திருச்சியிலிருந்து சென்னையைவிடக் குறைவு. இவ்வளவு அருகில் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையே நாற்பது ஆண்டுகள் வானம் மூடிக் கிடந்தது போதும். பயணிகள் குறைவு, லாபம் போதவில்லை என்ற காரணங்களைச் சொல்லி இந்தச் சேவைகளை இனி எந்த நிறுவனமும் கைவிட்டுவிடாதபடி, தேவைப்பட்டால் விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் குறைத்தாவது, இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் அவற்றைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.